வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறதா? கரண்ட் போவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் எழுதும்போது, "இனி வீட்லயே ஆக்சிஜன் வச்சுப் பார்த்துக்கிடுங்க" என்று டாக்டர் சொல்வார். மெஷின் கொண்டுவந்து தருகிறவர் சுவிட்சைப் போட்டுக் காட்டுவார், மூக்குக் குழாயை மாட்டிவிடுவார், பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கரண்ட் போனால் என்ன செய்வது என்று அந்த அவசரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது. குமரி மாவட்டத்தில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் மரங்கள், தெற்கே தென்னைகள், எல்லாம் லைன் கம்பிக்கு மேலேயே சாய்ந்து நிற்கின்றன. காய்ந்த மட்டை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், ஒரு ஊரே இருட்டாகிவிடும்.

மெஷினைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் பைபாப், வீட்டு வென்டிலேட்டர், சளி உறிஞ்சும் சக்ஷன் மெஷின், இரவில் ஓடும் டயாலிசிஸ் மெஷின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் வீடுகளில் அதிகம் இருப்பது கான்சன்ட்ரேட்டர் என்பதால் அதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப் போகிறேன். வயிற்றில் குழாய் வைத்து, பையிலிருக்கும் திரவத்தைக் கையால் மாற்றும் டயாலிசிஸுக்குக் கரண்ட் தேவையில்லை. அந்த வீட்டுக்காரர்கள் வெளிச்சத்துக்கும் சுத்தத்துக்கும் வழி செய்துகொண்டால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியது ஒன்று உண்டு. மெஷின் நின்றால் இவருக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? சிலருக்கு அரை மணி நேரம் இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. தூங்கும்போது மட்டும் பைபாப் வைப்பவர், கரண்ட் வரும்வரை உட்கார்ந்து சமாளித்துவிடலாம். கழுத்தில் துளையிட்டு வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சில நிமிடம்கூடக் கிடையாது. இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் எவ்வளவு செலவு செய்வது, எவ்வளவு வேகம் தேவை என்பதெல்லாம் முடிவாகும். கூடவே இன்னும் இரண்டு எண்களையும் வாங்கிக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எந்த எண் முதல் எந்த எண் வரை இருக்கலாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பார்கள். அது தெரியாமல், பதற்றத்தில் ஆக்சிஜன் அளவைக் கூட்டி 99 வரை கொண்டுபோகிற வீடுகள் உண்டு. இந்த நோயாளிகளுக்கு அது நன்மையில்லை. உடலில் கரியமில வாயு தேங்கி, மயக்கம் வரைக்கும் போகலாம்.

மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கும்

மெஷினின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் கான்சன்ட்ரேட்டர் ஏறக்குறைய 300 முதல் 350 வாட் எடுக்கும். 10 லிட்டர் மெஷின் 500, 600 வாட்டைத் தொடும். பைபாப் அவ்வளவு இழுக்காது. ஈரப்பதத்துக்கான சூடாக்கியை அணைத்துவிட்டால் 50 வாட்டுக்குள் நிற்கும். படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையின் பம்புக்குப் பத்து வாட் போதும்.

இனி இன்வெர்ட்டருக்கு வருவோம். வீடுகளில் சாதாரணமாக இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 1800 வாட் மணி. ஆனால் அது முழுவதும் கைக்கு வராது. பேட்டரியை அடிவரை காலி செய்யக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். 1100, 1200 கிடைத்தால் நல்லது. அப்படியானால் 5 லிட்டர் மெஷின் புதிய பேட்டரியில் சுமார் மூன்று மணி நேரம் ஓடும். நாலு வருடம் ஆன பேட்டரி என்றால் அதில் பாதியைக்கூட நம்ப வேண்டாம். பைபாப் என்றால் அதே பேட்டரியில் ஒரு இரவு தாராளமாக ஓடும்.

வாங்கும்போது சைன் வேவ் இன்வெர்ட்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் பல்புக்கும் ஃபேனுக்கும் ஒத்துவரும். கான்சன்ட்ரேட்டருக்குள் இருக்கும் கம்ப்ரஸர் மோட்டார் அதில் சூடாகி, இரைச்சல் போட்டு, சீக்கிரம் கெட்டுப்போகும். மோட்டார் கிளம்பும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் மெஷின் 350 வாட்தானே என்று 500 வாட் இன்வெர்ட்டர் வாங்கினால் ஸ்டார்ட் ஆகும்போதே அது ட்ரிப் ஆகிவிடும். இன்வெர்ட்டரில் போட்டிருக்கும் விஏ அளவு 900க்குக் கீழே வேண்டாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இன்வெர்ட்டர் லைனில் மெஷினின் பிளக், ஒரு பல்பு, ஒரு ஃபேன் ஆகியவற்றை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஹாலில் டிவியும் எல்லா அறை ஃபேனும் அதே லைனில் இருந்தால், மூன்று மணி நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால், மெஷினின் பிளக்குக்கு ஒரு ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் போட்டுவிடுவது நல்லது. பாதி நேரம் ஒரு ஃபேஸ் மட்டும்தான் போயிருக்கும். சுவிட்சைத் திருப்பினால் மெஷின் ஓடும், பேட்டரி மிச்சம். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். அங்கே ஸ்டெபிலைசர் இல்லாமல் மெஷினை ஓட்டாதீர்கள்.

மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் பார்த்துச் சுவரில் எழுதுங்கள். சோதிக்கும் நேரத்தில் சிலிண்டர் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். மூன்று மணி நேரம் இரண்டாக இறங்கினால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். குளச்சல், முட்டம், தூத்தூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பேட்டரி முனைகளை அரித்துவிடும். துடைத்து வாசலின் தடவலாம். ஆனால் அதே கையோடு ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மொட்டை மாடியில் சோலார் போட்டவர்கள் அதை நம்பி இருந்துவிட வேண்டாம். லைனோடு இணைத்த சாதாரண சோலார், வெளியே கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால்தான் கரண்ட் இல்லாத நேரத்தில் பயன்படும். ஜெனரேட்டர் வைப்பவர்கள் அதை முற்றத்தில், ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் வேலை அறவே வேண்டாம். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பிப் போய், மழையில் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் உயிரை எடுத்துவிடும். லைன் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் சேராமல் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டே ஆக வேண்டும்.

சிலிண்டர்: இதில் கணக்கு தெரிந்தவர் பிழைப்பார்

இன்வெர்ட்டர் இருந்தாலும் சிலிண்டர் வேண்டும். இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம்தான். கம்பம் சாய்ந்தால் அதற்குள் கரண்ட் வராது. மெஷினே பழுதானாலும் சிலிண்டர்தான் துணை.

வாடகைக்குக் கிடைப்பவற்றில் வீட்டுக்குத் தோதானது பி டைப். நிரம்பியிருந்தால் 1500 லிட்டர். பெரியது டி டைப், 7000 லிட்டர். கணக்கு எளிது. இருக்கும் லிட்டரை, நிமிடத்துக்குப் போகும் லிட்டரால் வகுத்தால் எத்தனை நிமிடம் என்று வரும். 2 லிட்டரில் வைத்தால் பி டைப் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 5 லிட்டரில் வைத்தால் 5 மணி நேரம்தான். டி டைப் 2 லிட்டரில் இரண்டு நாளைக்கு மேல் வரும், 5 லிட்டரில் 23 மணி நேரம். பாதி காலியான பி டைப்பில் மீட்டர் முள் 75 காட்டினால் அதைப் பத்தால் பெருக்குங்கள், 750 லிட்டர் இருக்கிறது. முள் 20க்கு இறங்கும்போதே அடுத்த சிலிண்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். உங்கள் நோயாளியின் லிட்டருக்கு இந்தக் கணக்கைப் போட்டு, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சிலிண்டரிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் வகுத்தல் வராது.

மாற்றும் முறையை வீட்டில் குறைந்தது இரண்டு பேர் கற்றிருக்க வேண்டும். பகலில் மகன் வேலைக்குப் போய்விடுவார், மருமகள்தான் இருப்பார். ஆகவே மருமகளுக்கும் தெரிய வேண்டும். முதலில் சிலிண்டர் வாயின் மூடியை எடுத்து, ஸ்பேனரால் வால்வை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடவும். உஸ்ஸென்று ஒரு சத்தத்தோடு வாயில் இருக்கும் தூசி வெளியே போகும். அப்போது முகத்தை அந்தப் பக்கம் காட்டக் கூடாது. பிறகு சிலிண்டர் வாயில் மாட்டும் ரெகுலேட்டரின் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் இறுக்கவும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோ மீட்டரின் திருகு மூடியிருக்கட்டும். இப்போது வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். முள் எழும்பி நிற்கும். ஃப்ளோ மீட்டரைத் திறந்து, குண்டு டாக்டர் சொன்ன கோட்டுக்கு நேராக மிதக்கும்வரை வையுங்கள். குழாய் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டால் குமிழி வரும். அதற்குப் பிறகு குழாயைத் துடைத்து மூக்கில் வையுங்கள். இணைப்பில் கசிவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், நுரை கிளம்பினால் கசிகிறது. ஸ்பேனரை ஒரு கயிற்றால் சிலிண்டரின் கழுத்திலேயே கட்டிவையுங்கள். சிலிண்டர் நிறைய இருந்தும் ஸ்பேனர் கிடைக்காமல் வீடெல்லாம் தேடித் தவித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய்ப் பிசுக்கு ஆக்சிஜனோடு சேர்ந்தால் தானாகத் தீப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிய கை, வாசலின், கிரீஸ் எதுவும் ரெகுலேட்டரை நெருங்கக் கூடாது. மூக்கு வறண்டால் வாசலின் போடாமல், தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனதும் நம் கை தேடுவது மெழுகுவர்த்தியையும் மண்ணெண்ணெய் விளக்கையும். ஆக்சிஜன் ஓடும் அறையில் அது கூடவே கூடாது. சாமி படத்துக்கு முன்னால் எரியும் விளக்கு, ஊதுபத்தி, மாதா படத்தடியில் ஏற்றும் திரி, கொசுவர்த்தி எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். சார்ஜ் லைட் இரண்டு வாங்கி எப்போதும் சார்ஜில் வையுங்கள். சிலிண்டர் உருண்டு விழாமல் சுவரோரமாக நிறுத்திச் சங்கிலி போடுங்கள்.

கழுத்துத் துளை வழியாகச் சளி எடுப்பவர்களுக்குக் காலால் மிதித்து இயக்கும் சக்ஷன் கருவி கிடைக்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவர்கள் வீட்டில், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பை (Ambu bag) இருந்தே ஆக வேண்டும். அதை எப்படி அமுக்குவது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸிடம் செய்துகாட்டச் சொல்லி, நீங்களும் செய்து பழகுங்கள். அதைக் கற்றுத்தராமல் வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்காதீர்கள். நெபுலைசர் மட்டும் போடுபவர்கள், கரண்ட் இல்லாதபோது ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) இன்ஹேலர் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்தால் போதும்.

இ.பி. ஆபீசுக்கு ஒரு கடிதம்

ஆஸ்திரேலியாவில் இதற்கென்று விதி இருக்கிறது. வீட்டில் உயிர்காக்கும் மெஷின் இருக்கிறது என்று சொன்னால் மின் நிறுவனம் அந்த வீட்டைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவதாக இருந்தால் 4 வேலைநாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதிவில் இருக்கும்வரை பணப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அங்கேயும் அந்தப் பதிவு, கரண்ட் போகவே போகாது என்ற உத்தரவாதம் கிடையாது. திடீரென்று போனால் என்ன செய்வது என்று நீங்களே ஒரு திட்டம் வைத்திருங்கள் என்றுதான் அவர்களுக்கும் சொல்கிறார்கள்.

இங்கே நாமே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் பலன் உண்டு. உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தின் உதவி மின் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, கீழ்க்கண்ட மின் இணைப்பு எண் கொண்ட எங்கள் வீட்டில் என் தாயார் நாள் முழுவதும் ஆக்சிஜன் மெஷினின் உதவியோடு இருக்கிறார். மின்சாரம் நின்றால் எங்கள் மாற்று ஏற்பாடு சுமார் எட்டு மணி நேரம் மட்டுமே தாங்கும். ஆகவே பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும்போது முந்தின நாளே தொலைபேசியில் தெரிவிக்கவும், பழுது ஏற்பட்டால் எங்கள் பகுதிக்கு முன்னுரிமை தரவும், எக்காரணத்துக்காகவும் இணைப்பைத் துண்டிக்கும் முன் எங்களிடம் நேரில் தெரிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். மருத்துவச் சான்றின் நகல் இணைத்துள்ளேன்."

மின் இணைப்பு எண்ணோடு, வீட்டுக்குக் கரண்ட் வரும் கம்பத்தின் எண், டிரான்ஸ்ஃபார்மரின் பெயர், வீட்டுக்கு வழி, இரண்டு செல் எண்கள் எல்லாம் எழுதுங்கள். கம்பத்தின் எண் கம்பத்திலேயே பெயின்ட்டில் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பெயர் தெரியாவிட்டால் லைன்மேனிடம் கேளுங்கள். இந்த இரண்டும் இருந்தால் போனில் வழி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். மருத்துவச் சான்றில் நோயின் பெயர், மெஷினின் பெயர், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தேவை, மின்தடை உயிருக்கு ஆபத்து என்ற வரி, டாக்டரின் பதிவு எண்ணோடு கையெழுத்து, இவை இருக்க வேண்டும்.

இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கோட்டத்தின் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். நாகர்கோவில், தக்கலை, குழித்துறை மூன்று இடத்திலும் கோட்ட அலுவலகம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போய் நினைவூட்டுங்கள். பொறியாளர்கள் மாற்றலாகிப் போவார்கள், கடிதம் ஃபைலில் கிடக்கும்.

கடிதத்தைவிட முக்கியம், ஏரியா லைன்மேனையும் ஃபோர்மேனையும் ஒருமுறை வீட்டுக்கு அழைத்து நோயாளியைப் பார்க்க வைப்பது. கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார். "அம்மா, போஸ்ட் சாஞ்சு கிடக்கு, இன்னும் ரெண்டு மணிக்கூறு ஆவும், சிலிண்டர மாத்திக்கிடுங்க" என்று அவர் போனில் ஒரு வார்த்தை சொன்னால், அந்த வீட்டுக்கு அதுவே பெரிய உதவி. கரண்ட் எப்போது வரும் என்று தெரிந்தால் சிலிண்டரை எண்ணிப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். தெரியாமல் காத்திருந்து, கடைசி சிலிண்டரும் தீரும்போது கிளம்புவதுதான் ஆபத்து.

முன்கூட்டியே தகவல் வருவதற்கு

பராமரிப்பு மின்தடை, துணை மின்நிலையத்தின் பெயரில்தான் செய்தித்தாளில் வரும். வடசேரி, தெங்கம்புதூர், முஞ்சிறை என்று தலைப்பில் இருக்கும், கீழே ஊர்ப் பெயர்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். உங்கள் வீட்டுக்கு எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து கரண்ட் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நிறுத்தம் பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியத்துக்கு மேலும் நீளும். பி டைப் சிலிண்டர் ஒன்று, 5 லிட்டரில் அதற்குப் போதாமல் போகலாம்.

மின்சார நுகர்வோர் உரிமை விதிகள் என்று மத்திய அரசு 2020 டிசம்பர் 31இல் வெளியிட்டது. திட்டமிட்ட மின்தடையை நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டும், எதிர்பாராத தடை என்றால் எப்போது சரியாகும் என்ற உத்தேச நேரத்தோடு எஸ்.எம்.எஸ். மூலமோ வேறு மின்னணு வழியிலோ உடனே அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த எஸ்.எம்.எஸ். யாருடைய போனுக்குப் போகிறது என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் பாதி வீடுகளில் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும், பதிவான எண் கல்ஃபில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்குப் போகும். அவர்களில் யாரும் சிலிண்டரின் பக்கத்தில் இல்லை. நோயாளியோடு இருப்பவரின் எண்ணைப் பதியச் சொல்லுங்கள், பிரிவு அலுவலகத்தில் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

பில் விஷயம்

350 வாட் மெஷின் நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்கு மேல் வரும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். ஃபேனும் ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்தால் 500ஐத் தாண்டிவிடும். வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் கூடிவிடும், அதனால் பில் ஒரேயடியாக எகிறும். மெஷின் வந்த முதல் பில்லைப் பார்த்துத் திகைத்து, கட்டாமல் தள்ளிப் போடும் குடும்பங்கள் இருக்கின்றன. தள்ளிப் போடாதீர்கள். முன்பணம் கட்டி வைக்கும் வசதி இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ அங்கிருந்தே ஆன்லைனில் கட்டலாம். டாக்டரிடம் கேட்டு, மெஷின் 24 மணி நேரமும் தேவையா, 16 மணி நேரம் போதுமா என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்ட முடியாமல் போய்விட்டால், மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆவது பிரிவு தெரிந்திருக்கட்டும். பாக்கிக்காகத் துண்டிப்பதற்கு முன் எழுத்து மூலம் 15 முழு நாள் அவகாசம் தர வேண்டும். பில் தவறு என்று நீங்கள் நினைத்தால், ஆட்சேபத்தைத் தெரிவித்துக்கொண்டே பணத்தைக் கட்டலாம். கட்டினால் துண்டிக்கக் கூடாது, வழக்கைப் பிறகு நடத்திக்கொள்ளலாம்.

கரண்ட் போனதும்

முதலில் ஆளைப் பாருங்கள், மெஷினை அப்புறம். இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதா, குழாயில் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுங்கள். நோயாளியைச் சாய்த்து உட்கார வையுங்கள். படுத்திருப்பதைவிட உட்கார்ந்தால் மூச்சு எளிது. பேச வைக்காதீர்கள், நடக்க விடாதீர்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத ஃபேனையும் லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. இணைப்பு எண்ணைச் சொல்லி, உயிர்காக்கும் மெஷின் ஓடுகிறது என்பதையும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பிறகு லைன்மேன். எப்போது வரும் என்று கேட்டு, அவர் சொன்னதோடு இன்னொரு மடங்கு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கம்பம் சாய்ந்தால் ஜேசிபி வர வேண்டும், மரம் வெட்ட வேண்டும், அவர் கையில் எல்லாம் இல்லை.

கையிலிருக்கும் பேட்டரி, சிலிண்டர் நேரத்தில் பாதி போவதற்குள் கரண்ட் வரும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் நகரத் தயாராகுங்கள். பக்கத்தில் கரண்ட் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு மெஷினோடு போகலாம். அது முடியாவிட்டால் 108. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் இருப்பவர்கள் இன்னும் முன்னதாகக் கூப்பிட வேண்டும், ஆம்புலன்ஸ் ஏறி இறங்கவே நேரம் பிடிக்கும். உதடு நீலமாவது, பேச்சுக் குழறுவது, அளவுக்கு மீறித் தூக்கம் வருவது, ஆக்சிமீட்டர் டாக்டர் சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்கி ஏறாமல் நிற்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே 108.

கரண்ட் திரும்பி வந்ததும் மெஷினைச் சட்டென்று போடாமல், வோல்டேஜ் நிலைக்க ஐந்து நிமிடம் விடுங்கள். கான்சன்ட்ரேட்டர் முழுத் தூய்மையோடு ஆக்சிஜன் தரவும் சில நிமிடம் ஆகும். அதுவரை சிலிண்டரிலேயே இருக்கட்டும்.

புயல், வெள்ளம்

2017 நவம்பர் 30இல் ஓகி புயல் வந்துபோன பிறகு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் எந்த இன்வெர்ட்டரும் எந்தச் சிலிண்டரும் போதாது. சிலிண்டர் நிரப்பும் இடத்துக்கே கரண்ட் இருக்காது, வண்டி போக ரோடும் இருக்காது. ஆகவே ரெட் அலர்ட் என்று அறிவித்த உடனேயே, காற்று தொடங்குவதற்கு முன், நோயாளியை ஜெனரேட்டர் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அருகில் கொண்டுபோய்விடுங்கள். ஒரு நாள் வீணானாலும் பரவாயில்லை. 2021 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தாழ்வான வீட்டில் மெஷினையும் இன்வெர்ட்டரையும் தரையில் வைக்காதீர்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. புயல் எச்சரிக்கை வந்த அன்றே அழைத்து, இந்த முகவரியில் ஆக்சிஜன் நோயாளி இருக்கிறார் என்று பதிந்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லி வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸிடம் உங்கள் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் சேர்ப்பார்கள்.

சொல்லியும் கேட்கவில்லை என்றால்

மாதந்தோறும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் நாள் நடக்கும், தேதி செய்தித்தாளில் வரும். முத்திரை வாங்கிய கடித நகலோடு போங்கள். அடுத்தது பார்வதிபுரத்தில் இருக்கும் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதற்கும் மேலே மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், பிறகு சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். இரண்டும் மின்சாரச் சட்டத்தின் 42ஆவது பிரிவில் வருபவை, வக்கீல் வைக்காமல் நீங்களே எழுதலாம். ஒவ்வொரு மின்தடைக்கும் போன நேரம், வந்த நேரம், புகார் எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த நோட்டு இல்லாமல் போனால், "எப்ப போச்சு, எவ்வளவு நேரம்" என்ற முதல் கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும்.

நோயாளி தேறி மெஷின் தேவைப்படாமல் போனாலோ, வீடு மாறினாலோ, பிரிவு அலுவலகத்துக்கும் லைன்மேனுக்கும் சொல்லிவிடுங்கள். சிலிண்டரை அன்றே திருப்பிக் கொடுங்கள். புயல் ராத்திரியில் அவர்கள் ஓடிவர வேண்டிய வீடு வேறொன்று இருக்கும்.